பொடுகு ஷாம்பு வாங்கும் முன்: சேர்மானம் படிப்பதிலிருந்து மாதச் செலவுக் கணக்கு வரை

"இதில் எது நல்லது?" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் படங்கள் எல்லாமே புட்டியின் முன்பக்கப் படங்கள். அங்கே பெயர் இருக்கும், பளபளக்கும் கூந்தல் இருக்கும், ஏதோ ஒரு சதவீதம் வரை பொடுகு நீங்கும் என்ற வரி இருக்கும். ஒப்பிட வேண்டிய சங்கதி எல்லாம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும்.

விலையிலும் அதே கதைதான். புட்டி ₹300 என்றால் அதையே விலை என்று எடுத்துக்கொள்கிறோம். சரியான அளவு எடுத்து, சொன்ன நேரம் ஊறவிட்டு அலசினால் ஒரு குளியலுக்கு எவ்வளவு ஆகிறது, அப்படி மாதத்துக்கு எத்தனை குளியல் தேவை என்பதைப் பார்த்தால்தான் பொடுகு ஷாம்புவின் விலை தெரியும். அந்தக் கணக்கைப் போட்டால் 'விலை அதிகம்' என்று ஒதுக்கிய புட்டி சில வேளை மலிவாக வந்து நிற்கும்.

படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். விலையில் தொடங்கி அப்புறம் சேர்மானத்துக்கு வருபவர்கள், மனதுக்குள் ஒன்றை வாங்கி முடித்துவிட்டுத்தான் படிக்கிறார்கள்.

1. பொடுகுதானா என்று முதலில் பாருங்கள்

தலையிலிருந்து வெள்ளையாக உதிர்வதெல்லாம் பொடுகு இல்லை. இந்தப் படியைத் தாண்டிப் போனால் பின்னால் போடும் கணக்கு எல்லாம் வீண்.

பொடுகின் செதில் லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு, வெள்ளையாகவோ மங்கிய மஞ்சளாகவோ இருக்கும். தலை அரிக்கும். மூக்கோரம், புருவம், காதுக்குப் பின்புறம் என்று எண்ணெய் சுரக்கும் மற்ற இடங்களிலும் சிலருக்குச் செதில் வரும். மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு இதில் பெரிய பங்கு. அது எல்லோர் தலையிலும் இருப்பதுதான். நம் தோலின் எண்ணெயை உடைத்துத் தின்று, மிச்சமாக விடும் கொழுப்பு அமிலங்கள் சிலர் தோலை உறுத்துகின்றன. தோல் அவசர அவசரமாகச் செதில் விடுகிறது.

வேறு என்னவாக இருக்கலாம்? செதில் முடியிலேயே ஒட்டிக்கொண்டு, உதறினாலும் விழாமல், விரல் நகத்தால் உருவினால்தான் வருகிறது என்றால் அது ஈர். பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள். கெட்டியான வெள்ளிநிறச் செதில், விளிம்பு தெளிவாகத் தெரியும் சிவந்த திட்டு, முழங்கை முழங்காலிலும் அதே மாதிரி என்றால் சொரியாசிஸாக இருக்கலாம். வட்டமாக முடி கொட்டிச் செதிலும் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். சிறுவர்களுக்கு இது தலையில் வரும், ஷாம்பு மட்டும் போட்டுத் தீராது, உள்ளே சாப்பிடும் மருந்து வேண்டும்.

இந்த மூன்றில் எதுவாவது பொருந்தினால் இங்கேயே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் என்றாலும் கடைக்குப் போகுமுன் மருத்துவரைக் கேட்பதே முறை.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

கைப்பேசிக் கேமரா ஒன்று. பின்பக்க எழுத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கினால்தான் படிக்க முடியும். பாக்கெட்டின் மடிப்புக்குள் அச்சாகியிருக்கும் சேர்மானத்தை வெறும் கண்ணால் படிப்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இருமல் மருந்துப் புட்டியோடு வரும் கோடு போட்ட சின்ன மூடி ஒன்று. அதில் 5, 10 மில்லிக் கோடுகள் இருக்கும். விலைக் கணக்கே இந்த மூடியை நம்பித்தான் இருக்கிறது.

ஒரு வாரம் எத்தனை நாள் தலைக்குக் குளிக்கிறீர்கள், எந்த நாளில் எண்ணெய் வைக்கிறீர்கள் என்ற குறிப்பு. நினைவிலிருந்து சொன்னால் எல்லோரும் கூட்டித்தான் சொல்கிறார்கள்.

3. அழகுசாதனமா, மருந்தா என்று பிரியுங்கள்

கடையில் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் இவை இரண்டு சாதி. மளிகைக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் அழகுசாதனம். அதன் பின்பக்கத்தில் தண்ணீரில் தொடங்கி நறுமணம், நிறம் வரை நீளமாக ஒரு சேர்மானப் பட்டியல் இருக்கும். மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் மருந்து. அதில் 'கம்போசிஷன்' என்ற தலைப்பின் கீழ் ஒன்றோ இரண்டோ பெயர், பக்கத்திலேயே சதவீதம், 'ஐ.பி.' (இந்திய மருந்துத் தர நூலின் சுருக்கம்) என்ற எழுத்துகள் இருக்கும்.

இதை முதலிலேயே பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருந்து என்றால் அளவைச் சொல்லியே ஆகவேண்டும். அழகுசாதனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பொருளின் பெயர் இருக்கும், எவ்வளவு என்பது பல நேரம் இருக்காது. அதனால் மருந்தையும் மருந்தையும் எண்ணால் ஒப்பிடலாம். அழகுசாதனத்தையும் மருந்தையும் அப்படி ஒப்பிட முடியாது. முதலில் உள்ளே இருக்கும் பொருளின் வகையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

மருந்துப் புட்டியின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டுக்குத் தருவது. கம்போசிஷனில் 'க்ளோபெட்டசால்' என்று கண்டால் கீழே வைத்துவிடுங்கள். அது வீரியமான ஸ்டீராய்டு. தேய்த்ததும் அரிப்பு அடங்கும், அதனாலேயே பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பரிந்துரைப்பார். மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், நிறுத்தினால் தொல்லை திரும்பி வரும்.

4. பொடுகை அடக்கும் பொருள் எது என்று தேடுங்கள்

முப்பது பெயர் இருக்கும் பட்டியலில் பொடுகுக்கு வேலை செய்வது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். மிச்சமெல்லாம் அழுக்கெடுக்க, நுரைக்க, மணக்க. அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி ஒப்பீடு முடிந்தது. கீழே உள்ள பெயர்களை மட்டும் தேடுங்கள்.

கீட்டோகோனசோல். பூஞ்சைக் கொல்லி மருந்து. மருந்துக்கடையில் பெரும்பாலும் 2% அளவில் கிடைக்கும். நிசோரல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதில் இருப்பது இதுதான். வழக்கமான முறை: வாரம் 2 முறை, தலையில் 3 முதல் 5 நிமிடம், இப்படி 2 முதல் 4 வாரம், அப்புறம் திரும்பி வராமலிருக்க வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ. கீட்டோகோனசோல் கல்லீரலைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்துவிட்டுப் பயப்படுபவர்கள் உண்டு. அந்த எச்சரிக்கை மாத்திரையாக விழுங்குவதற்கு. தலையில் தேய்த்து அலசுவதில் உடம்புக்குள் போவது மிகச் சொற்பம்.

ஜிங்க் பைரிதியோன். மளிகைக்கடைப் பொடுகு ஷாம்புக்களில் நெடுங்காலமாக இருந்து வருவது, பெரும்பாலும் 1% அளவில். இது தண்ணீரில் எளிதில் கரையாத நுண்துகள். அலசிய பிறகும் கொஞ்சம் தலைத்தோலில் தங்கி வேலை செய்யும். அதனால் இதை அடிக்கடி, வாரம் மூன்று முறையாவது போடும்போதுதான் பலன் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுசாதனங்களில் இதற்குத் தடை போட்டுவிட்டது. இனப்பெருக்க நலனைப் பாதிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் இது வகைப்படுத்தப்பட்டதும், மாற்றுப் பொருள்கள் இருப்பதும் காரணம். அமெரிக்காவில் இன்னும் அனுமதி உண்டு. இதில் நமக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பாரிஸிலிருந்து வரும் சொந்தக்காரர் கொண்டுவரும் புட்டியும் நம்மூர்க் கடைப் புட்டியும் ஒரே பெயரில், ஒரே நிறத்தில் இருக்கும். உள்ளே வேறு பொருள் இருக்கலாம். "போன தடவை இதே ஷாம்புதான் கேட்டது, இப்போது கேட்கவில்லை" என்பவர்கள் இரண்டு புட்டியின் பின்பக்கத்தையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

பைரோக்டோன் ஓலமைன். ஐரோப்பாவில் ஜிங்க் பைரிதியோனின் இடத்துக்குப் பெரும்பாலும் வந்திருப்பது இது. இங்கும் பல புட்டிகளில் பார்க்கலாம். தண்ணீரில் ஓரளவு கரையும். சுமாரான பொடுகுக்குப் போதும். இதே குடும்பத்தைச் சேர்ந்த சைக்ளோபைராக்ஸ் ஓலமைன் மருந்துக்கடைப் பொருள், 1% அல்லது 1.5%. கீட்டோகோனசோல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அடுத்த தெரிவாக மருத்துவர்கள் இதை எழுதுவதுண்டு.

செலினியம் சல்பைடு. செல்சன் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1%, 2.5% என்று இரண்டு அளவில் வரும். பூஞ்சையையும் அடக்கும், செதில் உருவாகும் வேகத்தையும் குறைக்கும். முதுகில் வரும் தேமலுக்கும் இதே பொருளைத் தருகிறார்கள், காரணம் அங்கும் அதே பூஞ்சைதான். புட்டியின் அடியில் மருந்து தங்கிவிடும், நன்றாகக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். குலுக்காமல் போடுபவருக்கு முதல் வாரம் வெறும் ஷாம்பு, கடைசி வாரம் காரமான மருந்து. தங்கம் வெள்ளி நகை கறுக்கும் என்பதால் மோதிரம், தோடு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றாதவர்கள் தலையை முன்பக்கம் குனிந்து அலசினால் கழுத்தில் வழியாது. நரைக்குச் சாயம் பூசியவர்களுக்கு நிறம் மாறலாம். தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் ஆறும்வரை தொடாதீர்கள்.

சாலிசிலிக் அமிலம். பூஞ்சையைக் குறிவைப்பதில்லை, படிந்த செதிலை இளக்கி உரிக்கும். செதில் தடிமனாகப் படிந்தவர்களுக்குத்தான் தேவை. தலைத்தோலை வறட்டும்.

கோல் தார். நிலக்கரியிலிருந்து கிடைக்கும் தார். நாற்றம் உண்டு, வெளிர்நிறத் தலையணை உறையில் கறை பிடிக்கும், தோல் வெயிலுக்குக் கூசும். சொரியாசிஸுக்கு மருத்துவர் எழுதினால் சரி. சாதாரணப் பொடுகுக்கு நீங்களாக இதில் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை.

வேம்பு, எலுமிச்சை, வெந்தயம், ரோஸ்மேரி? முன்பக்கத்தில் இலை படம் போட்ட புட்டியைத் திருப்பிப் பாருங்கள். பல நேரம் பட்டியலில் மேலே சொன்ன பொருளில் ஒன்றும் சேர்ந்தே இருக்கும், வேலை செய்வது அதுதான். இல்லையென்றால் அது சாதாரண ஷாம்பு. டீ ட்ரீ எண்ணெய்க்கு மட்டும் ஒரு விலக்குக் கொடுப்பேன்: 2002-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 5% கலந்த ஷாம்பு 4 வாரத்தில் பொடுகை 41% குறைத்தது, அது கலக்காத ஷாம்பு 11%. ஆனால் அது 5%. கடைப் புட்டியில் 'டீ ட்ரீ' என்று எழுதியிருப்பது எத்தனை சொட்டு என்று யார் கண்டது.

5. அளவைப் படியுங்கள், வரிசையை நம்பாதீர்கள்

சேர்மானப் பட்டியலில் அதிகம் இருப்பது முதலில் வரும் என்ற பாடத்தை எங்கோ படித்துவிட்டு, "பைரிதியோன் பதினைந்தாவது இடத்தில் இருக்கிறது, இந்தப் புட்டியில் எட்டாவது, அதனால் இது நல்லது" என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. புதிதாகச் சேர்மானம் படிப்பவர்கள் விழும் முதல் குழி இது.

1%-க்கு மேல் உள்ள பொருள்களைத்தான் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழ் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். பொடுகை அடக்கும் பொருள்கள் பெரும்பாலும் 1%-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கின்றன. ஆக, பட்டியலில் அது நிற்கும் இடம் அளவைச் சொல்லாது. சதவீதம் அச்சாகியிருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 'அளவு தெரியாது' என்றே குறியுங்கள்.

வெவ்வேறு பொருள்களின் சதவீதத்தை ஒன்றோடொன்று ஒப்பிடுவதும் தவறு. 2.5% செலினியம் சல்பைடு 1% பைரிதியோனைவிட இரண்டரை மடங்கு வீரியம் என்று அர்த்தமில்லை. ஒரே பொருளுக்குள் மட்டும்தான் எண்ணை எண்ணோடு வையுங்கள்.

மருந்து என்பதால் பல மடங்கு பலன் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். கடுமையான பொடுகு உள்ளவர்களிடம் 2% கீட்டோகோனசோலையும் 1% ஜிங்க் பைரிதியோனையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு, இதுவும் 2002-இல்தான் வந்தது, 4 வார முடிவில் முன்னதில் 73%, பின்னதில் 67% முன்னேற்றம் என்று கண்டது. வித்தியாசம் உண்டு, ஆனால் புட்டி விலையில் இருக்கும் வித்தியாசத்துக்கு அது ஈடில்லை. சுமாரான பொடுகு உள்ளவர் மளிகைக்கடைப் புட்டியில் தொடங்கினால் தப்பே இல்லை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

6. மிச்சச் சேர்மானத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும்

சோடியம் லாரெத் சல்பேட் அழுக்கும் எண்ணெயும் எடுக்கிறது. 'சல்பேட் இல்லாதது' என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. பொடுகுத் தலைக்கு எண்ணெய் நீங்குவது நல்லதுதான். தலைத்தோல் வறண்டு எரிகிறது, சாயம் பூசிய முடி என்றால் யோசிக்கலாம்.

டைமெத்திகோன் முடி சிக்காமல் இருக்கச் சேர்ப்பது. நீளக் கூந்தலுக்கு உதவும். கிராப் வெட்டியவருக்கு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கவனிக்க வேண்டியது நறுமணமும், ஐசோதயசோலினோன் என்று முடியும் பதப்படுத்திகளும். ஷாம்பு மாற்றியதிலிருந்து காது மடல், பிடரி, நெற்றியோரம் அரித்துச் சிவந்தால் பொடுகு கூடிவிட்டது என்று இன்னும் அழுத்தித் தேய்க்காதீர்கள். ஷாம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். இந்தப் பெயர்கள் இல்லாத புட்டிக்கு மாறிப் பாருங்கள்.

7. இப்போது விலைக் கணக்கு

மூன்று எண் வேண்டும்: ஒரு மில்லியின் விலை, ஒரு குளியலுக்கு ஆகும் மில்லி, மாதத்தில் எத்தனை குளியல்.

முதலாவது சுலபம். விலையை மில்லியால் வகுங்கள். பல புட்டிகளில் ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று அச்சிட்டே இருக்கும். தள்ளுபடி போக நீங்கள் கொடுக்கும் விலையை எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புவுக்கான ஜிஎஸ்டி 18%-லிருந்து 5% ஆகிவிட்டது, ஆகவே பழைய பதிவுகளில் காணும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். வழக்கமாக உள்ளங்கையில் எவ்வளவு ஊற்றுவீர்களோ அதை ஒருமுறை மருந்து மூடியில் ஊற்றிப் பாருங்கள். "கொஞ்சமாகத்தான் போடுவேன்" என்பவர்களின் கொஞ்சம் பல நேரம் 10 மில்லிக் கோட்டைத் தாண்டும். உப்புத் தண்ணீர் வீட்டில் நுரை வரவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். நுரைக்கும் பூஞ்சைக்கும் சம்பந்தம் இல்லை. தலைத்தோல் முழுக்கப் படும் அளவு போதும். கிராப்புக்கு 5 மில்லிக்கு முன்பின், நீளக் கூந்தலுக்கு 8 முதல் 10.

ஓர் எடுத்துக்காட்டு. விலைகள் கணக்குக் காட்டுவதற்காக நான் வைத்தவை. உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் மூன்று முறை தலைக்குக் குளிப்பவர், மாதத்துக்கு 12 குளியல் என்று வைப்போம்.

மளிகைக்கடைப் புட்டி, ஜிங்க் பைரிதியோன்: 340 மில்லி ₹340. மில்லி ₹1. குளியலுக்கு 8 மில்லி. மாதம் 96 மில்லி, ₹96. இதே செலவு மாதாமாதம்.

மருந்துக்கடைப் புட்டி, கீட்டோகோனசோல் 2%: 100 மில்லி ₹300. மில்லி ₹3. முதல் நுரைக்கு ₹2 பாக்கெட் ஷாம்பு போட்டு எண்ணெயை எடுத்துவிட்டால் மருந்து 6 மில்லி போதும். முதல் மாதம் வாரம் 2 முறை, 8 குளியல், 48 மில்லி, ₹144. பாக்கெட் 12 குளியலுக்கும் ₹24. மொத்தம் ₹168.

இங்கேயே நிறுத்தினால் மளிகைக்கடைப் புட்டி ஜெயித்துவிடும். பலரும் இங்கேயே நிறுத்துகிறார்கள். இரண்டாம் மாதத்தைப் பாருங்கள்: மருந்து வாரம் ஒருமுறை போதும், 24 மில்லி, ₹72, பாக்கெட்டோடு ₹96. இரண்டும் ஒரே செலவு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று குறைக்க முடிந்தவருக்கு ₹36-உம் ₹24-உம் சேர்த்து ₹60. மில்லிக்கு மூன்று மடங்கு விலையுள்ள புட்டி மாதச் செலவில் கீழே இறங்கிவிட்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. வீட்டில் நாலு பேரும் ஒரே புட்டியை எடுப்பார்கள் என்றால் மருந்துப் புட்டி பத்து நாள்கூடத் தாங்காது. அதைக் குளியலறையில் வைக்காமல் அலமாரியில் வைப்பது ஒரு வழி. வீட்டுக்கு மளிகைக்கடைப் புட்டி, பொடுகு உள்ளவருக்கு மட்டும் மருந்து என்பது இன்னொரு வழி.

பெரிய புட்டி வாங்கினால் மலிவு என்ற பொது நியாயம் நம்மூர் ஷாம்புவில் பல நேரம் தலைகீழ். பாக்கெட்டின் மில்லி விலை புட்டியைவிடக் குறைவாகவே இருக்கும். 6 மில்லி ₹2 என்றால் மில்லிக்கு 33 காசு. பொடுகு ஷாம்பு பாக்கெட்டாகவும் வந்தால், பாக்கெட்டிலும் அதே பொருளின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சரமாக வாங்கலாம். ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதற்கும் இதைவிட மலிவான வழி இல்லை. 650 மில்லிப் புட்டியை ஆசைப்பட்டு வாங்கி, இரண்டாம் வாரம் ஒத்துக்கொள்ளாமல் போய், பாத்ரூம் கழுவப் பயன்படுத்தும் வீடுகள் எனக்குத் தெரியும்.

8. தேய்க்கும் முறை சரியில்லை என்றால் ஒப்பீடே செல்லாது

இரண்டு ஷாம்புவை ஒப்பிட்டேன், இரண்டும் கேட்கவில்லை என்பவர்களிடம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் குவளைத் தண்ணீரில் ஷாம்புவைக் கலக்கித் தலையில் ஊற்றி, உடனே அலசியிருப்பார்கள். சீயக்காய் கரைத்துப் பழகிய கை. மருந்தையும் அப்படிக் கரைத்தால் வீரியமும் போயிற்று, தோலில் நிற்கும் நேரமும் போயிற்று.

முதலில் தலையை நனைத்து, சாதாரண ஷாம்பு கொஞ்சம் போட்டு எண்ணெயும் அழுக்கும் போக ஒருமுறை அலசுங்கள். எண்ணெய்ப் படலத்தின் மேல் மருந்து போட்டால் அது தோலைத் தொடாது, விலை கூடிய பொருளை அழுக்கெடுக்கச் செலவழித்ததாக ஆகும்.

ஈரத்தைக் கையால் வழித்துவிட்டு, வகிடு வகிடாகப் பிரித்து, பொடுகு ஷாம்புவைத் தலைத்தோலில் வையுங்கள். முடி நுனிவரை பூச வேண்டியதில்லை. விரல் நுனியால் தேய்க்க வேண்டும், நகம் படக்கூடாது. நகக் கீறலில் மருந்து எரியும்.

அப்புறம் காத்திருங்கள். புட்டியில் நேரம் போட்டிருந்தால் அது. இல்லாவிட்டால் மூன்று நிமிடமாவது. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் ஒரு நிமிடமே மூன்று நிமிடம் மாதிரித் தெரியும், ஆகவே உடம்புக்குச் சோப்புப் போடுவதை இந்த இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நன்றாக அலசுங்கள். கண்டிஷனர் போடுவதென்றால் முடியின் பாதியிலிருந்து கீழே மட்டும்.

எண்ணெய் விஷயம்: செதில் வறண்டு தெரிவதால் எண்ணெய் வைத்தால் சரியாகும் என்று வீட்டில் சொல்வார்கள். வைத்த அன்று செதில் தலையோடு ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது, பொடுகு போனதாகவே தோன்றும். அந்தப் பூஞ்சைக்கோ கொழுப்புதான் சாப்பாடு. நான்கு வாரச் சோதனைக் காலத்தில் எண்ணெய் வேண்டாம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட மனமில்லை என்றால் அன்றே மருந்து நாளாக வையுங்கள்: எண்ணெய் வைத்து அரை மணிக்குள், சாதாரண ஷாம்புவால் பிசுக்குப் போகும்வரை அலசிவிட்டு, அதற்கு மேல் மருந்து.

9. நான்கு வாரம் கழித்து முடிவெடுங்கள்

ஒரு சமயத்தில் ஒரே ஷாம்பு. இரண்டு குளியலில் மாற்றத் தொடங்கினால் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று எப்போதும் தெரியாது. வாரம் ஒருமுறை கறுப்புத் துண்டின் மேல் தலையைச் சீவி, விழுவதைப் படமெடுத்து வையுங்கள். வெள்ளைத் துண்டில் ஒன்றும் தெரியாது. அரிப்பு முதலில் குறையும், செதில் பின்னால்தான் குறையும்.

குறைந்திருந்தால் அதே பொருளைத் தொடருங்கள், இடைவெளியை மட்டும் கூட்டுங்கள். பொடுகு அடியோடு போகிற சங்கதி இல்லை. நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பும். அதனால்தான் விலைக் கணக்கில் முதல் மாதத்தைவிட இரண்டாம் மாதத்துக்கு எடை அதிகம். மருந்துப் புட்டி வாங்கும்போது காலாவதித் தேதியையும் பாருங்கள். மாதம் 24 மில்லி என்றால் 100 மில்லிப் புட்டி நான்கு மாதம் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் எட்டு மாதம்.

குறையவில்லை என்றால் வேறு பிராண்டுக்குத் தாவாதீர்கள், வேறு பொருளுக்கு மாறுங்கள். ஜிங்க் பைரிதியோன் புட்டி ஒன்றிலிருந்து இன்னொரு பைரிதியோன் புட்டிக்குப் போவது, பேருந்தில் இருக்கை மாறி உட்கார்ந்துவிட்டு வேறு ஊர் வரும் என்று எதிர்பார்ப்பது போல. பைரிதியோன் கேட்காதவர் கீட்டோகோனசோல் அல்லது செலினியம் சல்பைடு, மறுபடி நான்கு வாரம். அதற்கும் அடங்காவிட்டால், அல்லது இடையிலேயே நீர் வடிதல், வலி, திட்டுத் திட்டாக முடி கொட்டுதல் வந்தால், மூன்றாவது புட்டிக்குக் கொடுக்கும் காசைத் தோல் மருத்துவருக்குக் கொடுங்கள். போகும்போது இதுவரை போட்ட புட்டிகளின் பின்பக்கப் படங்களைக் கைப்பேசியில் எடுத்துப் போங்கள். "ஏதோ பச்சை மூடி ஷாம்பு" என்று சொன்னால், நீங்கள் ஏற்கனவே போட்டுப் பார்த்ததையே அவர் மறுபடி எழுதிக்கொடுக்கக்கூடும்.